நாளை என்னும் சொல்: பெரியபுராணமும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் இசைவாழ்வும்

முன்னுரை

இசைப்புலவர் ஒருவருடைய வரலாற்றை எழுதுவோர், அவர் யாரிடம் பாடம் கேட்டார், எந்த அவைகளில் பாடினார், எவ்வெவ் இராகங்களைக் கையாண்டார் என்பனவற்றையே பெரும்பாலும் தொகுத்துரைப்பர். அவர் பயின்ற நூல் அவருடைய ஆக்கத்தில் என்னவாக மாறியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தமிழில் கதாகாலட்சேப மரபுக்கு உயிரூட்டிய முடிகொண்டான் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்க்கையை அவ்வினாவை முன்வைத்து இக்கட்டுரை கூறுகிறது.

பாரதியார் இயற்றிய நான்கு சரித்திரக் கீர்த்தனைகளுக்கும் மூலநூல் ஒன்றே. அது சேக்கிழாரின் பெரியபுராணம். அந்நூலைப் பாரதியார் பின்பற்றிய இடங்களும் விலகிய இடங்களும் உண்டு. பின்பற்றிய இடங்கள் அவருடைய பத்தியைக் காட்டுகின்றன. விலகிய இடங்கள் அவர் வாழ்ந்த காலத்தையும் நிலத்தையும் காட்டுகின்றன. விலகல்களுள் தலையாயது நந்தனார் வரலாற்றில் அமைந்துள்ளது. அவ்விலகல் பாரதியாரின் அறியாமையாலோ மிகைக் கற்பனையாலோ நேர்ந்ததன்று. மூலநூலின் ஒரு சொல்லை மிக நெருங்கிப் பயின்றதன் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிறப்பும் இளமையும்

பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1811ஆம் ஆண்டளவில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தார். தந்தையார் இராமசாமி பாரதி. இசைப்பயிற்சியும் வடமொழிப் பயிற்சியும் வழிவழியாக நிலவிய அந்தணர் குடும்பம் அது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், பின்னர் முடிகொண்டானில் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்பட்டார்.

மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியிடம் அத்வைத வேதாந்தமும் யோகநெறியும் பயின்றார். இப்பயிற்சி அவர் வாழ்க்கை முழுவதையும் நெறிப்படுத்தியது. அவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்துச் சேர்க்கவுமில்லை. அவருடைய தனிக்கீர்த்தனைகள் பலவற்றில் வேதாந்தக் கருத்துகளும் தில்லைக் கூத்தனிடத்துக் கொண்ட அன்பும் ஒருங்கே அமைந்திருத்தலைக் காணலாம்.

இசைக்கல்வி அவருக்கு ஒரே இடத்திலிருந்து கிட்டவில்லை. தஞ்சை மராட்டிய மரபினரான அமரசிம்மரும் அவர்தம் வழியினரும் திருவிடைமருதூரில் தங்கியிருந்தமையால் அவ்வூர் அக்காலத்தில் இசைவாணர்கள் கூடும் இடமாக விளங்கியது. இராமதாசர் என்னும் வடநாட்டு இசைவாணரிடம் பாரதியார் இந்துஸ்தானி இசைமுறையைக் கற்றார். மராட்டியர் வழியாகத் தஞ்சைப் பகுதிக்கு வந்த கீர்த்தன மரபின் இசைவடிவங்களும் அவருக்குப் பழக்கமாயின. பிற்காலத்தில் அவர் சரித்திரக் கீர்த்தனைகளில் லாவணி முதலிய மெட்டுகளையும் கர்நாடக இசையின் இராகங்களையும் நாட்டுப்புறச் சிந்துகளையும் தயக்கமின்றி அடுத்தடுத்து அமைத்தமைக்கு இக்கல்வியே அடிப்படை.

திருவையாற்றில் அவர் தியாகராசரைக் கண்டதாகக் கூறப்படும் செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. தியாகராசரின் மாணவர்கள் ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தனர். அந்த இராகத்தில் பாரதியார் ஏதேனும் இயற்றியுள்ளாரா எனத் தியாகராசர் வினவினார். அதன் பயனாகத் தில்லைச் சபாபதியைப் பற்றிய ஆபோகிக் கீர்த்தனை பிறந்தது என்பது மரபு. தெலுங்கில் இராமனைப் பாடிய பெரியவர் முன் தமிழில் கூத்தப்பெருமானைப் பாடி நின்ற அந்நிகழ்ச்சி, பாரதியார் தமக்கெனத் தேர்ந்துகொண்ட மொழியையும் பொருளையும் நமக்கு உணர்த்துகிறது.

ஆனந்ததாண்டவபுரமும் பண்ணை வாழ்வும்

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணுவையர் என்னும் நிலக்கிழார் பாரதியாரை ஆதரித்தார். பாரதியார் நெடுங்காலம் அவ்வூரில் தங்கி இசை பயிற்றியும் பாடல் இயற்றியும் வந்தார். காவிரிக் கடைமடைப் பகுதியின் நெல்வயல்கள் சூழ்ந்த ஊர் அது. நிலம் மிராசுதார்களிடம் இருந்தது; உழைப்பு சேரியில் வாழ்ந்த பண்ணையாட்களிடம் இருந்தது. 1843ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியபோதிலும், தஞ்சைப் பகுதியில் கடனாலும் வழக்கத்தாலும் பண்ணையோடு பிணிக்கப்பட்ட ஆட்களின் நிலை எளிதில் மாறவில்லை. ஊரைவிட்டு ஒருநாள் வெளியே செல்வதற்கும் அவர்கள் ஆண்டையின் ஒப்புதலை எதிர்நோக்க வேண்டியிருந்தது.

பாரதியார் பிறப்பால் அந்தணர். நிலக்கிழார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தவர். ஆயினும் குடும்பமும் நிலமும் இல்லாதவர். மிராசுதார் திண்ணையில் அமர்ந்தே வயல்வெளியைப் பார்த்திருக்கக்கூடிய ஒருவர், அவ்வயலில் உழைப்பவனைத் தம் காப்பியத்தின் தலைவனாக்கினார். இதனை விளங்கிக்கொள்ள அவர் பயின்ற நூலின்பால் திரும்ப வேண்டும்.

நான்கு சரித்திரங்களின் தேர்வு

பெரியபுராணம் தனியடியார் அறுபத்துமூவர் வரலாற்றைக் கூறுவது. அவர்களுள் அரசரும் அந்தணரும் அமைச்சரும் உளர். பாரதியார் கீர்த்தனைகளாக்கத் தேர்ந்தவர்களோ திருநாளைப்போவார், திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்காலம்மையார் ஆகிய நால்வர். இவர்களுள் ஒருவர் புலையர் குலத்தவர், ஒருவர் குயவர், மற்ற இருவரும் வணிகக் குடியினர். அரசரோ அந்தணரோ இத்தேர்வில் இடம்பெறவில்லை.

இத்தேர்வில் கருதத்தக்க பிறிதொரு கூறும் உண்டு. ஆதனூர் கொள்ளிடக் கரையைச் சார்ந்தது. நந்தனார் சென்று வழிபட்ட திருப்புன்கூரும் மாயூரத்திலிருந்து தொலைவில் இல்லை. திருநீலகண்டர் தில்லையில் வாழ்ந்தவர். இயற்பகையார் காவிரிப்பூம்பட்டினத்தவர். அம்மையார் காரைக்காலில் பிறந்தவர். நால்வருடைய ஊர்களும் பாரதியார் நடந்து சென்றடையக்கூடிய தொலைவில், அவர் வாழ்ந்த காவிரிக் கடைமடையிலும் அதன் அண்டையிலும் அமைந்தவை. தாம் அறிந்த மண்ணின் கதைகளையே அவர் பெரியபுராணத்திலிருந்து எடுத்துக்கொண்டார் எனக் கருத இடமுண்டு. கேட்போருக்கும் அவ்வூர்கள் பழக்கமானவை. எனவே புராணம் பழங்கதையாக நில்லாமல் அண்டை ஊர்ச் செய்தியாக ஒலித்தது.

சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார்

திருநாளைப்போவார் வரலாறு மூன்று படிகளில் வளர்ந்தது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயரை மட்டும் போற்றினார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் அவருடைய ஊரையும் குலத்தையும் தில்லையில் பெற்ற பேற்றையும் ஒரு பாடலில் சுருங்கக் கூறினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனை மும்மையால் உலகாண்ட சருக்கத்தில் 37 பாடல்களாக விரித்தார்.

சேக்கிழாரின் விரிவில் மூன்று செய்திகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, நந்தனாரின் வாழ்வூதியம். ஊரார் விட்ட பறைத்துடவை என்னும் மானிய நிலத்தை உணவுக்குரிய உரிமையாகக் கொண்டு, தம் குலத்தொழிலைச் செய்து வாழ்ந்தவராக அவர் காட்டப்படுகிறார். திருக்கோயில் முரசுகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அவர் அளித்தார். அதாவது அவர் உழைப்பைச் சார்ந்தே கோயிலின் இசை நிகழ்ந்தது; அவரோ கோயிலின் வாயிற்புறத்தே நின்றார். இம்முரணைச் சேக்கிழார் உரத்துக் கூறாமல் கதையின் அமைப்பிலேயே வைத்துள்ளார்.

இரண்டாவது, அவருடைய போக்குவரவு. திருப்புன்கூர் சென்று, சிவலோகநாதரை நேர்நின்று காண விரும்பியபோது இறைவன் ஏற்றினை விலகச் செய்தான். அங்கு அவர் குளமும் தோண்டினார். பிற தலங்களுக்கும் சென்று தொண்டு புரிந்தார். இவற்றுக்கு எவருடைய ஒப்புதலையும் அவர் நாடியதாகச் சேக்கிழார் கூறவில்லை.

மூன்றாவது, தில்லைப் பயணத்தின் தாழ்ப்பு. தில்லை செல்லும் வேட்கையால் இரவில் துயிலாதிருந்த நந்தனார், விடிந்ததும் தம் குலத்தின் இயல்பு அதற்கு ஒவ்வாதென எண்ணி அமைந்தார். வேட்கை மீண்டும் எழுந்தது. நாளை போவேன் என்றார். அவ்வாறே நாட்கள் கழிந்தன. திருநாளைப்போவார் என்னும் பெயருக்கு இதுவே காரணம். இங்குத் தடை வெளியிலிருந்து வரவில்லை. சமூகம் விதித்த எல்லை அடியவருடைய உள்ளத்துக்குள்ளேயே குடிபுகுந்து அவரைத் தடுத்தது. சேக்கிழாரின் நுட்பம் இதில் விளங்குகிறது.

பாரதியாரின் நந்தன்

பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தில் இம்மூன்று செய்திகளும் மாற்றம் பெற்றன. மானிய நிலத்துக்கு உரியவரான ஊர்த்தொழிலாளர், வேதியர் ஒருவரின் பண்ணையாள் ஆனார். தடையின்றித் தலங்களுக்குச் சென்றவர், ஆண்டையிடம் விடை வேண்டி நிற்பவரானார். உள்ளத்தில் எழுந்த தயக்கம், வேதியரின் மறுப்பாக உருப்பெற்றது.

வேதியர் என்னும் பாத்திரம் பெரியபுராணத்தில் இல்லை. சேரியின் பெரிய கிழவனும் இல்லை. தம் குலதெய்வங்களை விட்டுவிட்டுத் தில்லைக்கூத்தனை நினைந்துருகும் நந்தனைச் சேரி முதியோர் கண்டிப்பதும், அவன் போக்கை ஆண்டையிடம் முறையிடுவதும் பாரதியாரின் படைப்பு. நந்தன் தில்லைக்குச் செல்ல விடை கேட்கிறான், வேதியர் சினக்கிறார், நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுச் செல்லுமாறு இயலாத கட்டளை ஒன்றை விதிக்கிறார். இறைவன் அருளால் ஓரிரவில் பயிர் விளைந்து நிற்கிறது. அதனைக் கண்ட வேதியர் தம் பண்ணையாளின் அடியில் வீழ்ந்து அறிவுரை வேண்டுகிறார்.

இம்மாற்றத்தின் ஊற்று எது? நாளை என்னும் சொல்லே எனக் கருதலாம். சேக்கிழாரிடத்தில் நாளை என்பது அடியவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சொல். பாரதியார் அச்சொல்லைத் தம் காலத்துத் தஞ்சை வயலில் வைத்துக் கேட்டார். அங்கு நாளை என்பது பண்ணையாளின் கையில் இல்லை. நடவும் அறுவடையும் போரடிப்பும் அடுத்தடுத்து வரும் வாழ்வில் நாளை என்னும் நாள் ஆண்டைக்கு உரியது. அதனால் நாளை போவேன் என்று ஒருவன் சொன்னால், அதை யாரிடம் சொல்கிறான் என்னும் வினா எழும். அவ்வினாவுக்கு விடையாகவே வேதியர் தோன்றினார். மூலநூலின் பெயர்க்காரணத்தை அழிக்காமல் அதற்கு உலகியல் அடித்தளம் ஒன்றைப் பாரதியார் அமைத்தார்.

இசைவடிவத்துக்கும் இம்மாற்றம் தேவைப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. உள்ளத்துக்குள் நிகழும் தயக்கத்தைக் காப்பியப் புலவர் விருத்தத்தில் விளக்கலாம். பல மணிநேரம் அவையில் நின்று பாடியும் பேசியும் கதை நடத்தும் பாகவதருக்கோ இருவர் வேண்டும். ஒருவர் கேட்கவும் மற்றவர் மறுக்கவும் வேண்டும். வேண்டுதலும் சினமும் ஏக்கமும் மாறிமாறி வரும்போதுதான் இராகங்களும் தாளங்களும் மாறுவதற்குக் காரணம் பிறக்கும். வேதியர் இல்லையேல் நந்தனின் மன்றாட்டுப் பாடல்கள் பலவற்றுக்கு இடமே இல்லை.

பிற நூல்வகைகளின் துணை

பெரியபுராணம் பொருளை அளித்தது. வடிவத்தைப் பாரதியார் வேறிடங்களில் பெற்றார். அவருக்கு முன்னர், 18ஆம் நூற்றாண்டில் சீகாழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர், கம்பராமாயணத்தைத் தழுவி இராமநாடகக் கீர்த்தனையை இயற்றியிருந்தார். பெருங்காப்பியம் ஒன்றை விருத்தமும் கீர்த்தனையுமாக அவைக்குக் கொண்டுவர இயலும் என்பதற்கு அந்நூல் அண்மைச் சான்றாக நின்றது. ஆயின் இருவரும் மூலத்தைக் கையாண்ட முறை வேறு. கவிராயர் கம்பரின் கதைப்போக்கை ஒட்டியே சென்றார். பாரதியாரோ மூலத்தின் சிறு இடைவெளியில் ஒரு முழு நாடகத்தை எழுப்பினார்.

அந்நாடகத்தின் கட்டமைப்புக்குப் பள்ளு இலக்கியம் ஒப்புநோக்கத்தக்கது. பண்ணைக்காரன் பள்ளனை அதட்டுதலும், அவனைத் தொழுவில் மாட்டி ஒறுத்தலும், உழவுத் தொழிலின் வரிசையும் பள்ளு நூல்களின் வழக்கமான உறுப்புகள். அவற்றில் பள்ளன் நகைச்சுவைக்கு உரியவன்; அவன் குற்றம் வேலையில் தவறியது. பாரதியார் அந்த ஆண்டை–ஆள் உறவை எடுத்துக்கொண்டு அதன் சுவையை மாற்றினார். ஒறுக்கப்படும் ஆள் நகைப்புக்குரியவனாக இல்லை. அவன் குற்றம் இறைவனைக் காண விரும்பியது. அதட்டும் ஆண்டையின்பாலே நகைப்பும் சினமும் திரும்புகின்றன. நொண்டி நாடகங்களுக்குரிய சிந்து யாப்பும் இச்சரித்திரத்தில் பக்தியின் குரலாக மாறியது. கற்றோர் எளியனவாகக் கருதிய வடிவங்களில் சேக்கிழாரின் பொருளை அமைத்தமையால், ஏடு படிக்க அறியாதோரும் திருநாளைப்போவாரை அறிந்தனர்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை உரைநடையாக்கி 1852ஆம் ஆண்டில் அச்சிட்டார். பெரியபுராணத்தைப் பரவலாக்கும் நோக்கம் இருவர் செயலிலும் உண்டு. நாவலர் மூலத்தின் சொற்பொருளைக் காத்தார்; பாரதியார் மூலத்தின் உணர்ச்சியை எடுத்துச் சென்றார். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சைவத்தின் இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

நாகையும் காரைக்காலும்

நந்தனார் சரித்திரத்தைப் பாரதியார் நாகப்பட்டினத்தில் கந்தப்ப செட்டியார் என்னும் செல்வர் இல்லத்தில் தொடர்ந்து சில நாட்கள் நிகழ்த்தினார். வணிகரும் தொழிலாளரும் கலந்திருந்த துறைமுக நகரில் அது பெருவரவேற்புப் பெற்றது. அச்செய்தி அண்மையிலிருந்த காரைக்காலுக்கும் எட்டியது. அங்குப் பிரெஞ்சு ஆட்சியின் அலுவலராக இருந்த சீசே என்பவர் அதில் ஈடுபாடு கொண்டார். அவருடைய முயற்சியால் 1860களின் தொடக்கத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியது. ஏட்டிலிருந்து குரலுக்குச் சென்ற கதை, குரலிலிருந்து மீண்டும் நூலாயிற்று.

அச்சேற்றம் பாரதியாரின் ஆக்கத்துக்கு இருவகை விளைவுகளைத் தந்தது. பாகவதர் பலர் அந்நூலைக் கொண்டு கதை நிகழ்த்தத் தொடங்கினர். தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் மராட்டியக் கீர்த்தன முறையோடு இணைத்து அதனை மேலும் பரப்பினார். மறுபுறம், அவையில் கேட்கும்போது உணர்ச்சியில் மறைந்த சொற்குற்றங்களும் யாப்பு நெகிழ்ச்சிகளும், அச்சில் படிக்கும் புலவர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்பட்டன.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தயக்கம்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அக்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்தார். தம் நூலுக்கு அவரிடமிருந்து சிறப்புப்பாயிரம் பெற விரும்பிய பாரதியார் பலமுறை அவர் இல்லம் சென்றார். பிள்ளையவர்கள் காலம் தாழ்த்தினார். அத்தாழ்ப்புக்குக் காரணங்கள் இருந்தன. இலக்கண வழுக்கள் நூலில் மலிந்திருந்தன. வரலாறு சேக்கிழார் வாக்கிலிருந்து வேறுபட்டது. பெரியபுராணத்தைத் திருமுறையாகப் போற்றும் புலவருக்கு இரண்டாவது காரணம் முதலாவதினும் பெரிது.

ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வு கொண்டிருந்தபோது பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்தார். கேட்டிருந்த மகாவித்துவான் உருகிக் கண்ணீர் பெருக்கினார். பின்னர்ச் சிறப்புப்பாயிரம் அளித்தார். இச்செய்தியை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சியைப் புலமை இசைக்குத் தோற்றதாகக் கொள்ளுதல் எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது. பிள்ளையவர்களின் மறுப்பு நூலை நோக்கியது. இசைவு பாடலை நோக்கியது. நந்தனார் சரித்திரம் படிப்பதற்குரிய நூலாக எழுந்ததன்று, பாடிக் கேட்பதற்குரியது. அதனை அதற்குரிய நிலையில் கேட்டபோதுதான் மகாவித்துவானின் தீர்ப்பு மாறியது. அவர் சுட்டிய குறைகள் குறைகளாகவே எஞ்சின. அவற்றோடு நூலின் ஆற்றலையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்பதே நிகழ்ச்சியின் பொருள்.

மாயூரத்து இறுதி ஆண்டுகள்

பாரதியாரின் முதுமை மாயூரத்தில் கழிந்தது. அந்நகரின் முனிசீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை கிறித்தவர். சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவர். பஞ்சகாலத்தில் வேதநாயகம் பிள்ளை ஏழைகளுக்கு உணவளித்த பெருந்தன்மையைப் பாரதியார் கீர்த்தனையால் பாராட்டினார். வைதிகச் சைவரும் கிறித்தவரும் கீர்த்தனை என்னும் பொதுவடிவில் நட்புக் கொண்டமை அக்கால மாயூரத்தின் இயல்பைக் காட்டுவது.

1871ஆம் ஆண்டளவில் மாயூரத்துக்குத் தமிழ் பயில வந்த இளைஞர் சாமிநாதையர், தந்தையார் விருப்பப்படி பாரதியாரிடம் இசையும் கற்கலானார். இதனை அறிந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இசையில் நாட்டம் மிகுந்தால் இலக்கியக் கல்வி குறையும் எனக் கருதினார். சாமிநாதையர் இசைப்பயிற்சியைக் கைவிட்டார். பழந்தமிழ் ஏடுகளை மீட்ட பேரறிஞர் தமிழுக்குக் கிடைத்தார். ஆயினும் பாரதியாரிடம் சில காலமே பயின்ற அந்த மாணவரே 1936ஆம் ஆண்டில் பாரதியாரின் வரலாற்றை நூலாக எழுதினார். இன்று நாம் பாரதியாரைப் பற்றி அறிவனவற்றுள் பெரும்பகுதி அந்நூலின் வழிவந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் பாரதியார் மறைந்தார். அவருக்கெனக் குடும்பம் இல்லை. கதை நிகழ்த்திய பாகவதர்களும் கீர்த்தனைகளைப் பாடியோருமே அவருடைய வழித்தோன்றல்கள்.

மூலத்தை மறைத்த வழிநூல்

பாரதியாருக்குப் பின் நந்தனார் கதை மேடைக்கும் திரைக்கும் சென்றது. 1935ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாளும், 1942ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். அக்கதைகளில் வேதியரும் நாற்பது வேலியும் நிலைபெற்றன. அவை சேக்கிழார் கூறியவை என்றே பலரும் நம்பலாயினர். வழிநூல் முதல்நூலை மறைத்தது.

இதனால் விளைந்த ஆதாயமும் இழப்பும் சீர்தூக்கத்தக்கவை. பண்ணையடிமையின் துயர் கேட்போர் நெஞ்சில் பதிந்தது. ஒருவன் இறைவனைக் காணவும் மற்றொருவனிடம் விடை கேட்க நேர்வதன் கொடுமையைப் பாரதியாருக்கு முன் இவ்வளவு விரிவாகத் தமிழ்க் கீர்த்தனை பேசியதில்லை. அந்தணரான ஆண்டை தம் ஆளின் காலில் விழும் காட்சியை அந்தணர் ஒருவரே எழுதி, அவையில் பாடிக் காட்டினார்.

இழப்பு யாதெனின், சேக்கிழார் காட்டிய உரிமையுடைய நந்தனார் மறைந்தார். பறைத்துடவை என்னும் நிலவுரிமையும், முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்த கைத்தொழிலின் பெருமையும் பின்சென்று, வயல் வேலையே முன்னின்றது. ஒடுக்கப்பட்ட குலத்தவருக்கு ஒருகாலத்தில் நிலத்தின்மேல் வழக்குரிமை இருந்தது என்பதற்குப் பெரியபுராணம் தரும் சான்று பொதுமக்கள் நினைவிலிருந்து அகன்றது. என்றென்றும் அடிமையாகவே இருந்தவன் என்னும் எண்ணம் அவ்விடத்தைப் பிடித்தது. வரலாற்று ஆய்வாளர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமல் நந்தனார் சரித்திரத்தை 12ஆம் நூற்றாண்டின் சமூகநிலைக்குச் சான்றாக எடுத்தாளுதல் பிழையாகும். அது 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சைக்குச் சான்று.

மேலும் ஓர் எல்லையைப் பாரதியாரும் கடக்கவில்லை. தில்லையின் தென்மதிற்புறத்தே மூட்டப்பட்ட வேள்வித்தீயில் மூழ்கி, முனிவராகி வெளிப்பட்ட பின்னரே நந்தனார் கோயிலுக்குள் புகுகிறார் என்னும் முடிவைப் பாரதியார் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். வேதியரை விழச் செய்தவர் தீயை அவிக்கவில்லை. ஆண்டையின் மனம் மாறுவதும் அருட்செயல் ஒன்றாலேயே நிகழ்கிறது. பண்ணையின் வாயிலைத் திறக்க மூலநூலில் அவருக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. கோயிலின் வாயிலைத் திறக்க அத்தகைய இடைவெளி கிடைக்கவில்லை. மூலநூலின்பால் அவர் கொண்ட பத்தியும் அவர் காலமும் விதித்த வரம்பு அது.

முடிவுரை

கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்வில் நூல் என்பது பாடுபொருளின் களஞ்சியமாக மட்டும் இருக்கவில்லை. பெரியபுராணத்தின் அறுபத்துமூவருள் நால்வரைத் தேர்ந்ததிலேயே அவருடைய நோக்குப் புலனாகிறது. அந்நால்வருள் ஒருவருடைய பெயரில் அமைந்த ஒரு சொல்லை அவர் தம் காலத்து வயலில் வைத்துப் பொருள் கண்டார். பள்ளு, நொண்டி நாடகம், இராமநாடகம், மராட்டியக் கீர்த்தனம் ஆகியவற்றின் வடிவங்கள் அப்பொருளை அவைக்குக் கொண்டுசென்றன. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மறுப்பும் இசைவும் அவ்வாக்கத்தின் குறையையும் நிறையையும் ஒருங்கே அளந்தன.

பெரியபுராணத்தையும் நந்தனார் சரித்திரத்தையும் ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பாமல் தனித்தனியே பயிலுதல் வேண்டும். சேக்கிழாரிடம் உரிமையுடைய தொண்டரைக் காண்கிறோம். பாரதியாரிடம் உரிமையிழந்த பண்ணையாளைக் காண்கிறோம். இருவருக்கும் இடைப்பட்ட 700 ஆண்டுகளில் காவிரிப் பகுதியில் உழைப்போரின் நிலவுரிமைக்கு நேர்ந்தது என்ன என்னும் வினாவை அவ்விரு நந்தனாரும் சேர்ந்து எழுப்புகின்றனர். அவ்வினா இலக்கிய ஆய்வாளரையும் வரலாற்று ஆய்வாளரையும் ஒருசேர அழைப்பதாகும்.